எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் இணைப்பிதழில் கணினி விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை சென்னையில் இறங்கி இந்தியாவைப் பிடிப்பதாக யாரோ ஒரு ரசிகர் செய்த விளையாட்டைக் குறிப்பிட்டு, நடக்காததை நடந்ததாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்று கட்டுரையாளர் கோபப்பட்டிருந்தார். அவர் பார்த்தது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிட்டத்தட்ட அதே துரோகம் என் வீட்டிலும் நான்கு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. செய்கிறவன் என் மகள் வயிற்றுப் பேரன், கல்லூரியில் இரண்டாம் வருடம். உடந்தை நான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் என் புலம்பலை வெட்டுங்கள், தேதிகளை விட்டுவையுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். எதிரியின் குண்டு ஒன்றுகூட விழாத நகரம் சென்னை என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு இருட்டில் போய்விட்டது. இன்றைக்கும் காரியக்காரனைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்தான். அப்புறம் 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. நடக்காததை நடந்ததாகச் சொல்வது தப்பென்றால் நடந்ததை இல்லை என்பதும் தப்புதானே? சரி, இதை இதோடு விடுகிறேன்.

நான் 34 வருடம் ரயில்வேயில் இருந்தவன். அதில் பெரும்பகுதி செக்ஷன் கன்ட்ரோலர். ஸ்டேஷன் மாஸ்டரை ஊருக்கே தெரியும், டிரைவரைத் தெரியும், எங்களை யாருக்கும் தெரியாது. ஜன்னல் இல்லாத அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேஜை நீளத்துக்கு விரித்த சார்ட்டில் பென்சிலால் கோடு இழுத்து, எந்த வண்டி எங்கே ஒதுங்குவது, எதிர் வண்டியை எங்கே கிராஸிங் போடுவது என்று சொல்லிக்கொண்டே இருப்போம். ஒற்றைப் பாதை செக்ஷனில் இரவு ஷிப்டு என்றால் மூளைக்குள் எப்போதும் இரண்டு மூன்று இரவுகள் ஓடும். இந்த கூட்ஸ் இருபது நிமிஷம் தாமதமானால்? மேட்டில் என்ஜின் திணறி நின்றுவிட்டால்? மெயில் வண்டி முன்கூட்டியே வந்துவிட்டால்? நடக்காத வண்டிகளை ஓட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிற வண்டியை ஓட்டினோம். ஆகவே "நடக்காததை யோசிப்பதே பொய்" என்ற வாதம் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை.

பேரன் விளையாடுவது 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4'. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. 1936-லோ 1939-லோ தொடங்கி, ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் உலகப் போரை ஓட்ட வேண்டும். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற சமாசாரம் கிடையாது. தொழிற்சாலை, எண்ணெய், கப்பல், ரயில், ஆள் கணக்கு என்று பாதி நேரம் நிதிநிலை அறிக்கை தயாரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இதன் கோப்புகளில் பல வெறும் எழுத்துக் கோப்புகள், யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அப்படி மாற்றி ரசிகர்கள் புதுக் கதை செய்வதற்குப் பெயர் 'மாட்'. "தாத்தா, நான் ஒரு மாட் பண்றேன்" என்று அவன் வந்து சொன்னபோது "மாடு எதுக்குடா?" என்று கேட்டேன். அந்தக் கேலி இன்னும் வீட்டில் ஓடுகிறது.

அவன் கதை தொடங்குவது 1942 ஏப்ரலில். தொடங்குகிற இடம் நன்றாகத்தான் பார்த்து எடுத்திருந்தான். பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துவிட்டது. மார்ச் 8 ரங்கூன். மார்ச் 23 அந்தமான். ஏப்ரல் 4 மாலை இலங்கைக்குத் தெற்கே ரோந்து போன கேட்டலினா விமானத்தின் கனடா நாட்டு விமானி பிர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துச் செய்தி அனுப்பினார், உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பியவை கொழும்பைத் தாக்கின. 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. அந்த ஒரு வாரத்தில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் போய்விட்டன.

சென்னை காலியானது அப்போதுதான். என் அப்பா எழும்பூரில் புக்கிங் கிளார்க். கதவை அடைக்க முடியாத அளவுக்கு வண்டிகள் போனதையும், பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் கட்டித் தூக்கிவந்தவர்கள் அவற்றை பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டு ஏறியதையும் பல தடவை சொல்லியிருக்கிறார். கவுன்ட்டரில் ஒரு பெரியவர் பணத்தை நீட்டினாராம். எந்த ஊருக்கு என்று அப்பா கேட்டதற்கு, "வண்டி எங்க போகுதோ அங்க" என்றாராம். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மிருகக்காட்சிசாலையில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக்கூடாது என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் நடந்தது. வராத படைக்காக நடந்தது. அந்த ஏப்ரலில் சென்னையில் இருந்த ஒவ்வொருவரும், கவர்னர் உட்பட, மனதுக்குள் ஓட்டிப் பார்த்தது என் பேரன் இப்போது கணினியில் ஓட்டுகிற அதே கதையைத்தான்.

ஆனால் அவன் செய்த முதல் வடிவம் மோசம். அதை மறைக்கப் போவதில்லை. கட்டுரையாளர் அதைப் பார்த்திருந்தால் அவர் கோபத்தில் பாதி நியாயம். ஏப்ரலில் ஜப்பான் மெரினாவில் இறங்குகிறது. மே மாதம் சுபாஷ் சந்திர போஸ் அதே கடற்கரையில் இறங்கிப் பேசுகிறார். ஜூனில் பெங்களூர், ஜூலையில் பம்பாய், தீபாவளிக்கு டெல்லி.

"போஸ் அப்ப எங்கடா இருந்தார்?" என்று கேட்டேன்.

பெர்லினில் இருந்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறி, ஏப்ரலில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தைக் கையில் எடுத்தார். 1942-ல் அந்தப் படையை உருவாக்கிக்கொண்டிருந்தவர் கேப்டன் மோகன் சிங். பேரனுக்கு இது தெரியும். தெரிந்தேதான் போட்டிருக்கிறான். "இது மாற்று வரலாறு தாத்தா, எதை வேணா மாத்தலாம்" என்றான்.

அங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. இவர்கள் வட்டாரத்தில் 'பாயின்ட் ஆஃப் டைவர்ஜென்ஸ்' என்று ஒன்று சொல்கிறார்கள், நிஜ வரலாற்றிலிருந்து கதை பிரிகிற இடம். எங்களுக்கு அது புதிதல்ல. தண்டவாளம் பிரிகிற இடத்துக்கு ரயில்வேயில் பெயரே பாயின்ட்ஸ்தான். லீவரை இழுத்துப் பாயின்ட்ஸை லூப் லைனுக்கு, அதாவது பக்கத்தில் பிரிகிற பாதைக்கு, போட்டால் வண்டி லூப் லைனுக்குத்தான் போகும். பாதி தூரம் போன பிறகு, எனக்கு மெயின் லைன்தான் பிடிக்கிறது என்று குறுக்கே தாவ முடியாது. தாவினால் அதற்குப் பெயர் தடம்புரளல். நீ ஒரு இடத்தில் லீவரை இழு, யாரும் கேட்கமாட்டார்கள், அப்புறம் சக்கரம் போகிற வழியில் நீயும் போ என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போஸை பெர்லினுக்குத் திருப்பி அனுப்பிவிட்டான்.

சரி, எங்கே லீவரை இழுப்பது? இதற்கு எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இந்த விளையாட்டில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மூன்று வாரத்தில்தான். இலங்கையைப் பிடிக்கும் யோசனை ஜப்பானியக் கடற்படைக்கு உண்மையிலேயே இருந்தது. தரைப்படை ஆள் தர மறுத்தது. அவர்களுடைய பெரும்படை சீனாவிலும் மஞ்சூரியாவிலும் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஆக, பிரிகிற இடம் கடலில் இல்லை, தோக்கியோவில் ஒரு கூட்ட அறையில் இருக்கிறது. தரைப்படை தலையாட்டுகிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் தலையாட்டிய உடனே அடுத்தடுத்த கேள்விகள் வரிசையில் வந்து நிற்கின்றன. அந்தப் படையைச் சீனாவிலிருந்து எடுத்தால் அங்கே என்ன ஆகும்? சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 1,600 கடல் மைல். அத்தனை கப்பல் எங்கிருந்து வரும்? ஏப்ரல் 18-ல் அமெரிக்கர்கள் டூலிட்டில் தலைமையில் தோக்கியோவிலேயே குண்டு போட்டார்களே, அதற்குப் பிறகும் நகுமோவை வங்காள விரிகுடாவில் விட்டுவைப்பார்களா? விட்டுவைத்தால் ஜூனில் பசிபிக்கில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே சண்டை நடக்காது. கொழும்புக்கு வந்த ஐந்து கப்பல்களில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் மிட்வேயில்தான் மூழ்கின. இப்போது அவை மிதந்துகொண்டிருக்கும். அதே சமயம் பசிபிக்கில் அமெரிக்காவுக்கு எதிரே ஆளே இருக்காது. பேரன் இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கல்லூரி நூலகத்துக்குப் போக ஆரம்பித்தான். தேர்வுக்காகக்கூட அங்கே போகாதவன்.

சின்னத் தப்புகளும் இருந்தன. பெரிய போர்க்கப்பல்களைப் பாக் நீரிணையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் எவ்வளவு ஆழம் என்று மீனவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இதை அவன் உடனே ஒப்புக்கொண்டு மாற்றினான்.

இனி ரயில். ஆசிரியர் அவர்களே, இந்தப் பகுதியை வெட்டினால் வருத்தப்படுவேன்.

அந்த விளையாட்டில் ரயில் பாதைகளுக்கென்று தனிக் கோப்பு ஒன்று உண்டு. வரிக்கு ஒரு பாதை. முதல் எண் பாதையின் தரம், 1 முதல் 5 வரை. இரண்டாவது எண், பாதை எத்தனை மாகாணங்கள் வழியாகப் போகிறது என்பது. அப்புறம் வரிசையாக மாகாண எண்கள். எழுத்தே கிடையாது, எண்கள்தான். பேரனின் நண்பர்களுக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றுமாம். எனக்குப் பழைய வொர்க்கிங் டைம்டேபிளைத் திரும்பக் கையில் வாங்கினது மாதிரி இருந்தது. அதில் அவன் தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கல்கத்தா என்று ஒரே கோடாக இழுத்திருந்தான்.

1942-ல் அப்படி ஒரு வண்டி ஓட முடியாது. எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் போனது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். சென்ட்ரலிலிருந்து கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் பிராட் கேஜ், 5 அடி 6 அங்குலம். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் ஒரு வேகன்கூட உருண்டு போகாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். இளமையில் ஒரு டிரான்ஷிப்மென்ட் யார்டில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சின்ன வேகன், எதிரே பெரிய வேகன், நடுவில் மேடை. மூட்டை மூட்டையாக முதுகில் ஏற்றி மாற்றுவார்கள். மழை நாளில் சிமென்ட் மூட்டை வந்தால் அன்றைக்கு யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். ஒரு முழு கூட்ஸை மாற்ற எவ்வளவு நேரம் என்று பேரன் கேட்டான். சொன்னேன். "அப்ப டேங்க்?" என்றான். அதற்கு வேறு மாதிரி வேகன் வேண்டும், ரேம்ப் வேண்டும், கிரேன் வேண்டும். தீபாவளிக்கு டெல்லி போகிற திட்டம் அந்த இடத்தில் கழன்றது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நானும் முதலில் யோசிக்கவில்லை. மலாயா, சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா மூன்றுமே மீட்டர் கேஜ். அங்கே ஜப்பான் பிடித்த என்ஜின்களையும் வேகன்களையும் கப்பலில் ஏற்றிவந்து தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இறக்க முடிந்தால், எழும்பூர் வரை அவை அப்படியே ஓடும்! இலங்கையில் ஓடாது, அங்கே பிராட் கேஜ். அதாவது ஜப்பானுக்குக் கொழும்பைவிட மதுரை சுலபம். இது எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் தோன்றாது. இரவு பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடித்து இரண்டு பேரும் சத்தம் போட்டதில் மகள் எழுந்து வந்து திட்டினாள்.

அப்படியானால் பிரிட்டிஷ்காரன் என்ன செய்வான்? தெற்கே இருக்கிற மீட்டர் கேஜ் என்ஜின்களை எதிரி கையில் விடமாட்டான். சென்ட்ரல் வழியாக வடக்கே அனுப்ப முடியாது. விழுப்புரத்தில் மேற்கே திரும்பி, காட்பாடி, பாகலா, தர்மாவரம் வழியாக மீட்டர் கேஜிலேயே மேலே ஏற்ற வேண்டும். ஒற்றைப் பாதை. காகிதத்தில் சார்ட் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டெட் என்ஜின்களை, அதாவது அணைத்துவைத்த என்ஜின்களை, நான்கு நான்காகக் கட்டி இழுத்து, ஒரு நாளைக்கு ஆறு பாத் (ஒரு வண்டி போக ஒதுக்கும் நேரம்) கிடைத்தால் 24 என்ஜின். காலி வண்டி திரும்பி வருவதற்கும் பாதை வேண்டும், அகதிகள் ஏறின வண்டியும் அதே பாதையில்தான் போகும். எதை ஒதுக்குவது? பேரன் இதை விளையாட்டில் ஒரு முடிவாக வைத்திருக்கிறான். என்ஜினை முதலில் அனுப்பினால் தெற்கே ஜப்பான் கைக்கு வரும் ரயிலின் தரம் 1-க்கு இறங்கும், ஆனால் மக்கள் நிலைத்தன்மை சரியும். ஜனங்களை முதலில் அனுப்பினால் தலைகீழ். நான் விளையாடும்போது ஒவ்வொரு தடவையும் ஜனங்களைத்தான் அனுப்புகிறேன், ஒவ்வொரு தடவையும் திருச்சியை இழக்கிறேன். எழும்பூர் கவுன்ட்டரில் பணத்தை நீட்டிய பெரியவரை எப்படி ஒதுக்குவது?

இரண்டாவது சண்டை இன்னும் பெரியது. முதல் வடிவத்தில், ஜப்பான் சென்னையைப் பிடித்தவுடன் 'விடுதலை' என்று ஒரு நிகழ்வு வரும். ஜனங்கள் மாலையோடு நிற்பார்கள், படைக்கு இத்தனை லட்சம் ஆள் சேரும். ஆள் கணக்குக்கு அந்த விளையாட்டில் பெயர் 'மேன்பவர்'. மாகாணத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். நான் கேட்டது ஒன்றுதான். நடக்காததைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லையே, இந்திய மண்ணில் ஜப்பான் மூன்றரை வருடம் ஆண்ட இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே என்ன ஆனது?

அந்தமான். அங்கேயும் முதலில் வரவேற்றவர்கள் இருந்தார்கள். பிறகு ஒற்றர் என்று சந்தேகப்பட்டு ஊர்ப் பெரியவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இந்திய சுதந்திர லீகின் தலைவராக அங்கே இருந்த டாக்டர் திவான் சிங்கே 1944 ஜனவரி 14-ல் அந்தச் சித்திரவதையில் இறந்தார். அதே மாதம் 30-ம் தேதி ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். போஸ் போர்ட் பிளேருக்கு வந்துபோய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொரு பக்கம் போரின்போது ஜப்பான் போட்ட சயாம்–பர்மா ரயில், 415 கிலோமீட்டர். அதற்குத் தண்டவாளம் மலாயாவின் கிழக்குப் பாதையைப் பிடுங்கிக் கொண்டுபோனது. ஆட்களில் பெரும் பங்கு மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கே மண்ணாய்ப் போனவர்கள் பல்லாயிரம். எங்கள் துறை சம்பந்தப்பட்டது என்பதாலோ என்னவோ, அந்தப் பாதையின் படத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை. தெற்கே மீட்டர் கேஜை நீட்டவும் பழுது பார்க்கவும் ஜப்பானுக்கு ஆள் வேண்டியிருந்தால் யாரைப் பிடித்திருப்பார்கள்?

பேரன் விட்டுக்கொடுக்கவில்லை. அதே தோட்டங்களிலிருந்துதான் பெண்கள் போஸின் ஜான்சி ராணி படைக்கும் போனார்கள், சென்னை டாக்டர் லட்சுமிதான் அதற்குத் தலைமை, அவர்கள் ஆசைப்பட்டது பொய்யா என்று கேட்டான். பொய் இல்லை. அவன் சொன்னதும் சரி. அதனால் இப்போது 'விடுதலை' நிகழ்வு எடுக்கப்படவில்லை, ஆனால் அது வந்து சில மாதங்களில் அடுத்தது வருகிறது. மேன்பவர் எண் ஏறுகிற அதே மாகாணத்தில் எதிர்ப்பும் ஏறுகிறது. ராஜாஜி பற்றியும் சேர்த்திருக்கிறான். ஜப்பானை எதிர்த்து நிற்க வேண்டும் என்று 1942-ல் காங்கிரஸுக்குள் தனியாக வாதாடி ஜூலையில் வெளியேறியவர் அவர். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' வந்தது. அவன் கதையில் ஆகஸ்டு வருகிறபோது பாதி மாகாணம் ஜப்பான் கையில் இருக்கும். அப்போது யார் எந்தப் பக்கம் என்பதற்கு நாங்கள் இன்னும் முடிவு எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

இன்னொரு குறை எங்களால் சரிசெய்ய முடியாதது. அந்த விளையாட்டில் எண்ணெய் உண்டு, ரப்பர் உண்டு, எஃகு, அலுமினியம், டங்ஸ்டன், குரோமியம் எல்லாம் உண்டு. அரிசி கிடையாது. ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். படை சாப்பிடுவதற்கு 'சப்ளை' என்று ஒரு எண் இருக்கிறது, ஊர் சாப்பிடுவதற்கு எதுவும் இல்லை. பேரன் குரோமியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரிசி என்று பெயர் மாற்றலாமா என்று பார்த்தான். மாற்றினால் அரிசி இல்லாமல் பெரிய டேங்க் செய்ய முடியாது என்று ஆகிவிடுகிறது. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

கடைசியாக ஓட்டிப் பார்த்தது போன சனிக்கிழமை. அவன் ஜப்பான், நான் பிரிட்டன், மற்றவை கணினி. ஜூனில் கொழும்பு விழுந்தது. ஜூலையில் நாகப்பட்டினம். திருச்சி, வழக்கம்போல. செப்டம்பரில் எழும்பூர். அங்கே நின்றுவிட்டான். கையில் மலாயா என்ஜின்கள், பின்னால் தூத்துக்குடி வரை அழகான மீட்டர் கேஜ், எதிரே சென்ட்ரல், அதற்கு அப்பால் நான் கழற்றிக்கொண்டு போன பிராட் கேஜ். இடையில் லாரிகள்தான். லாரிக்கு எண்ணெய் கப்பலில் வர வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மூன்று மாதம் அப்படியே நின்றான். அதற்குள் பசிபிக்கில் கணினி ஓட்டிய அமெரிக்கா தீவு தீவாக ஏறி வந்துவிட்டது. "தாத்தா, நீங்க சண்டையே போடலையே" என்றான். வாஸ்தவம். நான் ஒரு துப்பாக்கியும் நகர்த்தவில்லை.

கட்டுரையாளர் இதை வெறும் வயசாளி ஆசை என்று நினைக்கலாம். அவருக்கு என் கோரிக்கை ஒன்றுதான்: தான் பார்த்த அந்த விளையாட்டில் லீவர் எங்கே இழுக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பின் வண்டி எத்தனை தடவை தண்டவாளம் தாவியிருக்கிறது என்று எண்ணிவிட்டு அடுத்த கட்டுரையை எழுதட்டும். தாவியிருந்தால் தாராளமாகத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். நேரம் இருந்தால் ஒரு சனிக்கிழமை எங்களோடு உட்காரட்டும். ஜப்பானை அவர் எடுத்துக்கொள்ளலாம். நான் என்ஜின்களோடு பாகலா பக்கம் போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செக்ஷன் கன்ட்ரோலர் ஒருவர்

பி.கு.: பெயர் போட வேண்டாம். பேரன் கூச்சப்படுகிறான். எம்டன் திருத்தத்தை மட்டும் கட்டாயம் போடுங்கள்.